கம்ப்யூட்டர் ஆன் ஆகலயா? நீங்களே பார்க்கறதா, ஆளை கூப்பிடறதா, ரிச்சி ஸ்ட்ரீட்டா, இல்ல புதுசே வாங்கிடறதா

நேத்து சாயங்காலம் பால் வாங்கிட்டு வரேன், மேல் வீட்டு அண்ணா படிக்கட்டுலயே நிறுத்திட்டாரு. "ஏம்மா, என் சிஸ்டம் பட்டன் அமுக்கினா ஃபேன் சுத்துது, நிக்குது, மறுபடி சுத்துது, டிஸ்ப்ளேயே வரல. உனக்கும் இப்படித்தான ஆச்சு, நீ யார்கிட்ட கொடுத்த, எவ்ளோ ஆச்சு, பேசாம புதுசு வாங்கிடலாமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டாரு. படிக்கட்டுல நின்னு சொல்லி முடிக்கிற கதையா அது. எழுதி அனுப்பறேன் அண்ணான்னு சொல்லிட்டு வந்தேன், எழுத ஆரம்பிச்சா நீளமா போயிடுச்சு, அதனால எல்லாருக்குமே போட்டுடறேன்.

நான் சென்னை நங்கநல்லூர்ல வீட்டுல இருந்தே கணக்கு வேலை பார்க்கறேன், சின்ன சின்ன கடைங்களுக்கு டேலி சாஃப்ட்வேர்ல என்ட்ரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன். 2025 நவம்பர் 18ஆம் தேதி ராத்திரி என் சிஸ்டம் படுத்துச்சு. 20ஆம் தேதி மாசா மாசம் போடற 3பி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு கடைசி நாள், தாண்டினா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, அதுவும் ஒரு ஒரு கிளையன்ட்டுக்கும் தனித்தனியா, வட்டி வேற. 2018 கடைசியில அசெம்பிள் பண்ண மெஷின், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம் ரெண்டு, டேட்டாவுக்கு ஒரு எஸ்எஸ்டி டிஸ்க். ஏழு வருஷமா ஒரு நாள் கூட மக்கர் பண்ணாதது அன்னைக்கு அண்ணா சொன்ன அதே மாதிரி, சுத்துது நிக்குது சுத்துது நிக்குது.

அப்ப நான் செஞ்சதுல ஒரே ஒரு உருப்படியான காரியம் என்னன்னா டிஸ்க்கை கழட்டினது. அதை கூட நான் யோசிக்கல, காலேஜ் படிக்கற என் பொண்ணுதான் "அம்மா உனக்கு கம்ப்யூட்டர் வேணுமா, கணக்கு வேணுமா"ன்னு கேட்டா. எஸ்எஸ்டியில ரெண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ, அவ்ளோதான். பக்கத்து கடையில சாட்டா டு யுஎஸ்பி கேபிள் ஒண்ணு 350 ரூபா கொடுத்து வாங்கி அவ லேப்டாப்ல சொருகினோம், டேலி டேட்டா ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு, காப்பி பண்ணி அவ லேப்டாப்லயே டேலி போட்டு 20ஆம் தேதி மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் ஃபைல் பண்ணிட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு யார்கிட்ட கொடுக்கலாம்னு நிதானமா யோசிக்கவே முடிஞ்சுது. அதனால கீழ சொல்ற எந்த வழியா இருந்தாலும் முதல்ல டிஸ்க் உங்க கையில இருக்கணும். மெஷினை ரிப்பேருக்கு கொடுக்கறப்ப டிஸ்க்கை சேர்த்து கொடுக்காதீங்க, ஆன் ஆகுதா இல்லயான்னு பார்க்க டிஸ்க்கே தேவையில்ல, டிஸ்க் இல்லாமலே கம்பெனி லோகோ வரும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். பெரிய சைஸ் ஹார்டு டிஸ்க்குன்னா யுஎஸ்பி கேபிள்ல வர கரண்ட் பத்தாது, தனி அடாப்டரோட வர கேபிளா கேட்டு வாங்கணும். மதர்போர்டு மேலயே பபிள் கம் பட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே என்விஎம்இ டிஸ்க், அதுக்கு தனியா ஒரு டப்பா விக்கிறாங்க, அதுல போட்டு சொருகணும். இன்னொண்ணு பிட்லாக்கர். இப்ப வர விண்டோஸ் 11 மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணாலே பல நேரம் நம்மளை கேக்காமலே டிஸ்க்கை பூட்டிடுது, வேற மெஷின்ல சொருகினா 48 இலக்கத்துல ஒரு சாவி கேக்கும், போர்டு மாத்தினாலும் கேக்கும், சில சமயம் பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வரதுக்கு முன்னாடி இருக்க செட்டிங்ல, எதையாவது மாத்தினா கூட கேக்கும். அந்த சாவி உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், மெஷின் நல்லா ஓடுற இன்னைக்கே போய் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க, பீரோவுல பத்திரத்தோட வெச்சா கூட தப்பில்ல.

சரி, இப்ப வழிங்களுக்கு வரேன்.

நாமளே பார்க்கறதுன்னா செலவு இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா எனக்கு புரிஞ்சது வேற. கம்ப்யூட்டர் ரிப்பேர்ங்கறது முக்கால்வாசி மாத்தி மாத்தி சொருகி பார்க்கறதுதான், நல்லா இருக்கற ஒரு பார்ட்ஸை போட்டு பாரு, ஓடுச்சுன்னா பழசு போச்சு. அப்ப யார் கையில ஸ்பேர் இருக்கோ அவங்களால கண்டுபிடிக்க முடியும், இல்லாதவங்க எவ்ளோ கெட்டிக்காரங்களா இருந்தாலும் ஊகம்தான் பண்ணணும். வீட்டுல நம்மகிட்ட ஸ்பேர் இல்ல, வீட்டுக்கு வர தம்பி பையில நாலஞ்சு இருக்கும், சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் பஜார் ரிச்சி ஸ்ட்ரீட்ல கை நீட்டினா எல்லாமே இருக்கு. இந்த மூணுக்கும் நடுவுல நிஜமான வித்தியாசம் இதுதான்னு நான் சொல்வேன், திறமை எல்லாம் அப்புறம்.

ஆனா வீட்டுலயே நமக்கு தெரியாம சில ஸ்பேர் இருக்கு. மானிட்டருக்கு போற பவர் கேபிளும் சிபியுக்கு போற பவர் கேபிளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மாத்தி சொருகி பாருங்க. மானிட்டர் மேல சந்தேகம்னா ஹாலுல டிவி இருக்கு, எச்டிஎம்ஐ கேபிளை அதுல சொருகுங்க. ரேம் ரெண்டு குச்சி இருந்தா ஒண்ணுக்கு இன்னொண்ணு ஸ்பேர், ஒண்ணை மட்டும் போட்டு பாருங்க, அப்புறம் மத்ததை மட்டும், அப்புறம் ஸ்லாட்டை மாத்தி. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ரீசெட் பட்டன். பவர் பட்டன் அமுக்கினா ஒண்ணுமே ஆகலன்னா பட்டனே போயிருக்கலாம், போர்டுல பவர் ஸ்விட்ச் வயர் சொருகியிருக்க ரெண்டு பின்ல அதை எடுத்துட்டு ரீசெட் ஸ்விட்ச் வயரை சொருகினா ரீசெட் பட்டனே பவர் பட்டன் ஆயிடும். எங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டறாரு, கேட்டா "எதுக்கு மாத்தணும், அமுக்கினா ஆன் ஆகுதுல்ல"ங்கறாரு.

எந்த இடத்துல நிக்குதுன்னு பார்க்கறது அடுத்தது. இதை கவனிச்சு சொன்னீங்கன்னா மெக்கானிக்கும் உங்களை ஏமாத்த யோசிப்பாரு. லைட்டே இல்ல, ஃபேனே இல்லன்னா சுவர்ல இருந்து ஆரம்பிங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுட்டு நேரா சுவர் ப்ளக்ல, யுபிஎஸ்ஸை விட்டுட்டு, எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை பெட்டி) பின்னாடி இருக்க குட்டி ஸ்விட்ச் யாராவது வீடு பெருக்கறப்ப தட்டிட்டாங்களான்னு. சிரிக்காதீங்க, எங்க வீட்டுல நடந்திருக்கு. யுபிஎஸ் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல செத்துடும், செத்த பேட்டரியோட இருக்க யுபிஎஸ் நல்ல கம்ப்யூட்டரையும் திடீர் திடீர்னு அணைக்கும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறவங்க பின்னாடி யுபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, கரண்ட் போச்சுன்னா எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கறது கிட்டத்தட்ட 16 மில்லிசெகண்ட், அதுக்குள்ள இன்வெர்ட்டர் மாறலன்னா ரீஸ்டார்ட்தான்.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்லன்னா முதல்ல ரேம். சென்னையில இது சகஜம், திருவான்மியூர் பெசன்ட் நகர் பக்கம்னா கேக்கவே வேணாம், கடல் காத்துல காண்டாக்ட் எல்லாம் மங்கிடும். ப்ளக்கை பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு அரை நிமிஷம் அமுக்கி பிடிச்சு மிச்ச கரண்ட் இறங்க விட்டுட்டு, ரேமை கழட்டி அந்த தங்கக் கலர் பல்லுல பென்சில் ரப்பர் வெச்சு லேசா தேய்ச்சு, தூசை ஊதி, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வர மாதிரி அமுக்கி போடணும், பாதி பேர் பயந்து பயந்து அமுக்கறதால சரியா உக்காராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா மானிட்டர் கேபிள் அந்த கார்டுல இருக்கா, இல்ல போர்டுல சொருகியிருக்கான்னு பாருங்க. டேட் தப்பு தப்பா காட்டினா, பழைய வருஷத்துக்கு போய் நின்னா, சிஆர்2032னு ஒரு காசு மாதிரி பேட்டரி, வாட்ச் கடையிலயே கிடைக்கும், மாத்துங்க. இப்ப வர போர்டுங்கள்ல சிபியு, டிரேம், விஜிஏ, பூட்னு நாலு குட்டி லைட் இருக்கும், எதுல நின்னு எரியுதோ அங்கதான் கோளாறு. பிராண்டட் ஆபீஸ் மெஷின்னா பவர் பட்டன் லைட் எத்தனை தடவ சிமிட்டுதுன்னு எண்ணி மாடல் பேரோட தேடினா என்னன்னு வந்துடும். டிடிஆர்5ங்கற புது வகை ரேம் போடற போர்டு புதுசா வாங்கினவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, முதல் தடவ ஆன் பண்ணும்போதும் ரேம் மாத்தும்போதும் சில நிமிஷம் கருப்பு ஸ்க்ரீனாவே இருக்கும், அது ரேமை பழக்கிக்குது, பயந்து அணைக்காதீங்க.

லோகோ வந்து அங்கயே நின்னா பென் டிரைவ், பிரிண்டர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு பாருங்க, பென் டிரைவ்ல இருந்து பூட் ஆக பார்த்து முழிச்சுக்கிட்டு நிக்கும். பயாஸ்குள்ள போய் டிஸ்க் பேரு வருதான்னு பாருங்க, வரலன்னா கேபிள் இல்ல டிஸ்க். ஹார்டு டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டா அதோட நிறுத்திடுங்க, திரும்ப திரும்ப ஆன் பண்ண பண்ண உள்ள இருக்கறது அழிஞ்சுக்கிட்டே போகும். விண்டோஸ் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா அது வேற கதை, பார்ட்ஸ்ல ஒண்ணுமில்லாம சாஃப்ட்வேரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் ஒண்ணு தப்பா போய் உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன்ல நின்னுச்சு, நம்ம ஊரு ஏர்போர்ட்ல எல்லாம் போர்டிங் பாஸை கையால எழுதி கொடுத்தாங்க, ஒரு மெஷின்ல கூட பார்ட்ஸ் போகல. வட்டம் சுத்தும்போது ரெண்டு மூணு தடவ பவர் பட்டனை அமுக்கி பிடிச்சு அணைச்சா அடுத்த தடவ அதுவே ரிப்பேர் மெனுவுக்கு போகும், அங்க கடைசி அப்டேட்டை எடுக்கற ஆப்ஷன் இருக்கு, சேஃப் மோடும் இருக்கு. இந்த நிலைமைல யாராவது வந்து "ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொன்னா, டிஸ்க்ல இருக்கறதை காப்பி எடுத்துட்டீங்களான்னு அவர் கேக்கறாரான்னு பாருங்க. கேக்கலன்னா டீ கொடுத்து அனுப்பிடுங்க.

நாமளே செய்யக் கூடாதது ரெண்டு இருக்கு. எஸ்எம்பிஎஸ் பெட்டியை பிரிக்காதீங்க, உள்ள இருக்க பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ப்ளக்கை பிடுங்கின அப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும். பல்லி செத்து கிடக்குதுன்னு வாடை வந்தா கூட மொத்தமா கழட்டி கடையில கொடுங்க. அப்புறம் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப வேளச்சேரியில எங்க சித்தப்பா பையன் வீட்டுல தரையில இருந்த கேபினெட் முக்கால் வாசி முங்கிடுச்சு, கரண்ட் வந்த உடனே ஆசையா ஆன் பண்ணான், போர்டும் போச்சு டிஸ்க்கும் போச்சு. நனைஞ்ச மெஷினை பிரிச்சு நல்லா காய வைக்காம ப்ளக்ல சொருகவே கூடாது.

இப்ப வீட்டுக்கு வர தம்பி. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ நம்பர் கொடுத்தாங்க, வந்து பார்க்க 400 ரூபா, ரிப்பேர் அவர்கிட்டயே பண்ணா அதுல கழிச்சுப்பாரு. சொன்ன நேரத்துக்கு வந்தாரு, மரியாதையா பேசினாரு, அதை சொல்லியே ஆகணும். முந்தின நாள் நான் ரேமை ரப்பர் வெச்சு தொடைச்சு போட்டு பத்து தடவ அமுக்கினதுல மெஷின் ஒரு தடவ ஆன் ஆச்சு, ராத்திரி பூரா ஓடுச்சு, காலைல மறுபடி அதே கதை. அதை அவர்கிட்ட சொன்னேன். அவர் தன் ரேம் ஒண்ணு போட்டு பார்த்தாரு, ஆகல. அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸோட பெரிய கனெக்டரை போர்டுல இருந்து உருவி, ஒரு பேப்பர் கிளிப்பை வளைச்சு பச்சை வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவுல சொருகி ஸ்விட்ச் போட்டாரு, எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஜம்முனு சுத்துச்சு. "பாருங்க மேடம், எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு. போர்டுதான் போச்சு. இந்த மாடல் போர்டு இப்ப புதுசு வரதில்ல, செகண்ட்ஸ்ல 6500 ஆகும், பார்த்து சொல்லுங்க"ன்னாரு.

"தம்பி, வேற எஸ்எம்பிஎஸ் ஒண்ணு போட்டு பார்க்கலாமா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் பையில தூக்கிட்டு வர மாட்டோம் மேடம், வெயிட்டு"ன்னு சிரிச்சாரு. அந்த சிரிப்புலதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. அவர் பொய் சொல்லல. கையில இருந்த ரேமை போட்டு பார்த்தாரு, அதுல ஆகல, பேப்பர் கிளிப்ல ஃபேன் சுத்துச்சு, மிச்சம் இருக்கறது போர்டுன்னு கழிச்சு சொன்னாரு. 400 ரூபா கொடுத்து, யோசிச்சு சொல்றேன் தம்பின்னு அனுப்பிட்டேன்.

இந்த வழி யாருக்கு சரின்னா, கேபினெட்டை தூக்க முடியாத வயசானவங்களுக்கு, விண்டோஸ் பிரச்சனைக்கு, டிஸ்க் மாத்தறது ரேம் போடறது மாதிரி என்னன்னு தெரிஞ்ச வேலைக்கு. என்ன கோளாறுன்னே தெரியாத நிலைமைக்கு இது சரிப்படாது. மெஷினை கடைக்கு எடுத்துட்டு போறேன்னு கேட்டா, கொடுக்கறதுக்கு முன்னாடி ரேம், போர்டு, கார்டு மேல இருக்க சீரியல் நம்பர் ஸ்டிக்கரை எல்லாம் மொபைல்ல போட்டோ எடுத்துக்குங்க, அவர் கண்ணு முன்னாடியே எடுங்க. மாத்தின பழைய பார்ட்ஸை திருப்பி கொடுக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு 22ஆம் தேதி சனிக்கிழமை போனேன். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், அதை மறந்து போய் திரும்பி வந்தவங்க நிறைய பேர். ஒரு பதினொரு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி போனா பாதி ஷட்டர் மூடிதான் இருக்கும். மவுன்ட் ரோடுல இருந்து உள்ள திரும்பினா நரசிங்கபுரம் தெருவும் சேர்த்து மொத்தமும் எலக்ட்ரானிக்ஸ், ஒரு காலத்துல ரேடியோ பார்ட்ஸ் வித்த இடம். வெறும் பார்ட்ஸ் வாங்கன்னா எங்க ஏரியாவுல இருந்து மெட்ரோதான் வசதி, நங்கநல்லூர் ரோடுல ஏறினா அரசினர் தோட்டம் வரைக்கும் வண்டி மாறாம போயிடலாம். அன்னைக்கு முழு கேபினெட் இருந்ததால ஆட்டோ. பெட்ஷீட்ல சுத்தி, போர்டு இருக்க பக்கம் கீழ வர மாதிரி படுக்க வெச்சு மடியில பிடிச்சுக்கிட்டு போனேன். கனமான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டி தனியா எடுத்துட்டு போங்க, நம்ம ரோட்டு பள்ளத்துல ஸ்லாட்டே பிஞ்சுடும். சொந்த கார்ல போறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, நிறுத்த இடம் தேடியே நாள் போயிடும்.

கீழ இருக்க பளபள கடையெல்லாம் விக்கிற கடை, சர்வீஸ் பண்றவங்க மாடியில. ஒரு ஆள்தான் ஏற முடியற குறுகலான படி, ஏறினா எட்டுக்கு எட்டு ரூம், சுத்தி செத்த மதர்போர்டா அடுக்கி வெச்சிருக்கு, சால்டரிங் வாசனை, நடுவுல ஒரு அண்ணா லென்ஸை நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டு இருந்தாரு. செக்கிங் 300னாரு. நான் பேப்பர் கிளிப் கதையை சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, மேஜைக்கு கீழ இருந்து தூசி பிடிச்ச ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இழுத்து என் போர்டுல சொருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டு பின்னை தொட்டாரு. லோகோ வந்துடுச்சு. மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கும்.

அப்புறம் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை திரும்ப சொருகி மல்டிமீட்டரை மஞ்ச வயர்ல வெச்சு காட்டினாரு. போர்டு இழுக்கற நேரத்துல 12 வோல்ட் லைன் 10.8க்கு இறங்குது. "5 பெர்சென்ட் ஏறலாம் இறங்கலாம்மா, 11.4க்கு கீழ போச்சுன்னா போர்டு ஏத்துக்காது, அணைஞ்சு மறுபடி ட்ரை பண்ணும். கிளிப் போட்டா லோடே இல்லையே, ஃபேன் சுத்தத்தான் செய்யும். காலி பஸ்ஸு மேட்டுல ஏறுதுன்னு சொல்ற மாதிரி"ன்னாரு. முந்தின ராத்திரி ரேமை தொடைச்ச அப்புறம் ஆன் ஆச்சே அண்ணான்னு கேட்டேன். அதுக்கும் சொன்னாரு, வயசான கெப்பாசிட்டர் ஆறிப் போயிருந்தா மக்கர் பண்ணும், நாலு தடவ ட்ரை பண்ணி கொஞ்சம் சூடானா வேலை செய்யும். நான் ரேமை தொடைச்சதால ஆன் ஆகல, பத்து தடவ அமுக்கினதால ஆன் ஆகியிருக்கு. காலைல முதல் தடவ மட்டும் அடம் பிடிச்சு அப்புறம் நாள் பூரா நல்லா ஓடுற மெஷின் உங்ககிட்ட இருந்தா முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான் வரணும்.

புது 550 வாட் எஸ்எம்பிஎஸ், பிராண்டட், கீழ கடையில 3400. செக்கிங் 300, ஆட்டோ போக வர 700 கிட்ட. 6500 ரூபாய்க்கு நல்ல போர்டை தூக்கி போட்டு செகண்ட்ஸ் போர்டு போட்டிருந்தா அதுவும் ஆன் ஆகியிருக்காது, அப்ப அந்த தம்பியும் பாவம், நானும் பாவம். 700 ரூபாய்க்கு லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸும் அங்க இருந்துச்சு, மேல 500 வாட்னு போட்டிருக்கும், கையில தூக்கினா காத்தா இருக்கும், அதை வாங்காதீங்க, போறப்ப போர்டையும் கூட கூட்டிட்டு போகும். பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, நல்ல எஸ்எம்பிஎஸ்க்கு மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம், அதுக்கு மேல கூட வாரண்டி உண்டு. என்னோடதுக்கு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா உங்க பழைய பில்லை ஒரு தடவ தேடி பாருங்க, அசெம்பிள் மெஷின்ல ஒரு ஒரு பார்ட்ஸுக்கும் தனித்தனி வாரண்டி, ரேமுக்கெல்லாம் பல கம்பெனி லைஃப்டைம் கொடுக்கறாங்க, நாம அதை மறந்துட்டு காசு கொடுத்துட்டு இருக்கோம். இன்டெல் 13, 14ஆவது ஜெனரேஷன் டெஸ்க்டாப் பிராசசர் வெச்சிருக்க பசங்க, கேம் நடுவுல கிராஷ் ஆகுது, அடிக்கடி நீல ஸ்க்ரீன் வருதுன்னா, வோல்டேஜ் அதிகமா போற கோளாறை 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு பாதிக்கப்பட்ட மாடலுக்கெல்லாம் வாரண்டியை ரெண்டு வருஷம் கூட்டியிருக்கு, ரிப்பேர் கடைக்கு போறதுக்கு முன்னாடி அதை பாருங்க, பயாஸையும் அப்டேட் பண்ணுங்க.

பிராண்டட் மெஷின்ல ஒரு எச்சரிக்கை. ஆபீஸ்ல இருந்து வர ரீஃபர்பிஷ்ட் (பழசை சரி பண்ணி மறுபடி விக்கற) டெல், எச்பி குட்டி கேபினெட்ல பல மாடலுக்கு எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேற, கடையில கிடைக்கற சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. மாடல் நம்பரோட போய் அதே எஸ்எம்பிஎஸ்தான் தேடணும், ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஆனா அலையணும். வாரண்டி ஓடிட்டு இருக்க பிராண்டட் மெஷின்னா எதையும் கழட்டாம கம்பெனிக்கு போன் போடுங்க, அவ்ளோதான், லேட் ஆகும், ஆனா காசு இல்ல.

புதுசு வாங்கறது பத்தி. மேல் வீட்டு அண்ணாவோட மெஷின் 2014ல வாங்கினது, நாலாவது ஜெனரேஷன், பழைய டிடிஆர்3 ரேம். விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். அப்ப அண்ணாவோடதுல போர்டே போயிருந்தா அதுக்கு செகண்ட்ஸ் போர்டு தேடி காசு போடறது எனக்கு சரியா படல. எஸ்எம்பிஎஸ் மட்டும்னா போடலாம், ஏன்னா அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நாளைக்கு புது போர்டு வாங்கினா அதுலயும் சொருகிக்கலாம். எஸ்எஸ்டியும் அப்படித்தான். டிடிஆர்3 ரேமும் அந்த போர்டும் அந்த மெஷினோடயே போய் சேரும். பழைய மெஷினுக்கு செலவு பண்றப்ப நான் கேக்கற கேள்வி இது ஒண்ணுதான், வாங்கற பார்ட்ஸ் அடுத்த மெஷினுக்கும் கூட வருமா வராதா.

ரிப்பேர் செலவு புதுசுல பாதிக்கு மேல போனா புதுசு வாங்குன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. புதுசு வாங்கினா டேலி லைசென்ஸை மாத்தணும், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் டிரைவர் போடணும், அந்த பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்குமான்னு தேடணும், எல்லா பாஸ்வேர்டும் மறுபடி. எனக்கு அது ரெண்டு நாள் சம்பாத்தியம், அந்த கணக்குல இதை யாரும் சேர்க்கறதில்ல. அதுக்கும் மேல, 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தம் இருக்கே, ஏஐக்கு டேட்டா சென்டர் கட்டறவங்க எல்லாத்தையும் வாரிக்கிட்டதால நமக்கு விலை எகிறிடுச்சு, எஸ்எம்பிஎஸ் வாங்கின அன்னைக்கே சும்மா 16 ஜிபி விலை கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். இந்த நேரத்துல ஓடுற ரேமை வெச்சிருக்கவங்க அதை விடாதீங்க. டேலி, பிரவுசர், பிள்ளைங்க ப்ராஜெக்ட் அவ்ளோதான் வேலைன்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு மேல இருக்க ரீஃபர்பிஷ்ட் போதும், கடையில நிக்கும்போதே ஒரு அரை மணி நேரம் ஓட விட்டு, அணைச்சு ஆற விட்டு, மறுபடி ஆன் பண்ணி பார்த்து வாங்குங்க.

அண்ணாவுக்கு நான் சொன்னது இது. இன்னைக்கு ராத்திரி டிஸ்க்கை கழட்டுங்க, ரேமை ஒண்ணு ஒண்ணா போட்டு பாருங்க, மானிட்டர் கேபிளை மாத்தி பாருங்க. அதுல ஆகலன்னா வீட்டுக்கு ஆளை கூப்பிட வேணாம், சனிக்கிழமை நான் அந்த மாடி அட்ரஸ் தரேன், போய் வேற எஸ்எம்பிஎஸ் போட்டு பார்க்க சொல்லுங்க, அதுல ஓடுச்சுன்னா வாங்கி போடுங்க, ஓடலன்னா அந்த போர்டுக்கு ஒரு பைசா செலவு பண்ணாதீங்க, அங்கயே ரீஃபர்பிஷ்ட் பார்த்துட்டு வாங்க.

இதை எழுதிட்டு இருக்கும்போதே பத்தரைக்கு அவர்கிட்ட இருந்து மெசேஜ். "டிஸ்க்கை எடுத்துட்டேன்மா, ரேமும் தொடைச்சு போட்டுட்டேன், எல்லாத்தையும் மூடிட்டேன், ஆனா ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு, மூணாவது ஒண்ணு கை தவறிடுச்சு, எங்க விழுந்துச்சுன்னு தெரியல." கேபினெட்டை தூக்கி மெதுவா ஆட்டி பாருங்க, உள்ள கலகலன்னு சத்தம் கேட்டா அதை எடுக்கற வரைக்கும் ப்ளக்ல சொருகாதீங்கன்னு பதில் போட்டேன். இப்ப மேல இருந்து சத்தம் நல்லாவே கேக்குது.